பழைய காரின் ஸ்டீயரிங் மூட்டுகள்: கிரீஸ் அடிக்கும் வகையா, மூடிய வகையா?

1950களிலும் 60களிலும் வந்த கார்கள் பலவற்றில் டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் தண்டைச் சக்கரத்தோடு இணைக்கும் முனை மூட்டு), பால் ஜாயிண்ட் (குழிக்குள் உருளும் பந்து மூட்டு), கிங் பின் (முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) எல்லாவற்றிலும் கிரீஸ் நிப்பிள், அதாவது கிரீஸ் அடிக்கும் சிறு முனை, இருக்கும். பிற்கால மூடிய மூட்டுகளிலோ தொழிற்சாலையிலேயே கிரீஸ் நிரப்பி, ரப்பர் உறை போட்டுவிடுகிறார்கள். பாகங்கள் மாறி மாறி வந்த பழைய காரில் இரண்டு வகையும் கலந்தே இருக்கலாம். அதனால் எது எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

படி 1. சமதளத்தில் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது.

படி 2. ஒவ்வொரு மூட்டையும் துடைத்துப் பாருங்கள். நிப்பிள் இருக்கிறதா? உறை கிழிந்திருக்கிறதா? மூடிய மூட்டில் உறை கிழிந்து தண்ணீரும் மண்ணும் புகுந்திருந்தால் மூட்டையே மாற்றுவதுதான் சரி.

படி 3. சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள்; டை ராட் எண்ட் தேய்ந்திருந்தால் ஆட்டம் தெரியும். பிறகு மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள்: ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வீல் பேரிங்கில், நிற்காவிட்டால் கிங் பின்னையோ பால் ஜாயிண்டையோ சோதியுங்கள். தேய்ந்த மூட்டின் ஆட்டத்தைக் கிரீஸ் கொஞ்ச நாள் மறைக்கும், குணப்படுத்தாது.

படி 4. நிப்பிளின் தலையைச் சுத்தமாகத் துடையுங்கள். துடைக்காவிட்டால் அதன்மேல் இருக்கும் மண்ணை நீங்களே உள்ளே தள்ளுகிறீர்கள். லித்தியம் சேசிஸ் கிரீஸை மெதுவாக அடியுங்கள். உறை லேசாக உப்பத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்; கையால் இயக்கும் கிரீஸ் கன்னின் அழுத்தமே உறையைக் கிழிக்கப் போதும். கிங் பின்னில் பழைய கருப்பு கிரீஸ் வெளியேறி, புதியது எட்டிப்பார்க்கும் வரை அடிக்கலாம். சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்போதுதான் கிரீஸ் எல்லா இடுக்குக்கும் போகும்.

ஒரு முக்கிய விலக்கு: டிரையம்ப் ஹெரால்ட், ஸ்பிட்ஃபயர் கார்களின் முன்பக்க டிரனியனுக்கு (முன்சக்கரம் திரும்ப உதவும் கீழ் மூட்டு) கிரீஸ் அல்ல, கியர் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். அது வறண்டால் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இணைப்பே முறிந்து சக்கரம் மடங்கிவிடும்.

புதிய மூட்டு வாங்குகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பது? கிரீஸ் கன்னைக் கையில் எடுக்கும் பழக்கம் இருந்தால் நிப்பிள் உள்ளதையே வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் அழுக்கு வெளியே தள்ளப்படுகிறது. அந்தப் பழக்கம் இல்லையென்றால் தரமான மூடிய மூட்டு மேல். வறண்டுபோன நிப்பிள் மூட்டுதான் இரண்டிலும் மோசமானது.

டை ராட் எண்டை மாற்றும்போது, பழையது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்று திருகுங்கள். அதன்பின் டோ அளவை (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நோக்கும் அளவு) சரிபார்த்துவிட்டு ஓட்டுங்கள்.