கண்ணுக்குத் தெரியாத நஞ்சைப் படமெடுக்க

தண்ணீரில் கலந்த ஆர்சனிக் போன்ற நஞ்சைப் படம் பிடிக்கப் பார்க்காதீர்கள். அதனால் மக்கள் மாற்றிக்கொண்ட பழக்கத்தைப் படம் பிடியுங்கள். ஆர்சனிக் கலந்த தண்ணீருக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. எவ்வளவு நெருங்கி எடுத்தாலும் தெளிந்த தண்ணீர்தான் படத்தில் விழும்.

வங்கதேசத்தில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்த குழாய்க்கிணறுகளுக்குச் சிவப்பும், மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். அருகிலிருக்கும் சிவப்புக் குழாய், அதைத் தாண்டித் தூரத்துப் பச்சைக் குழாய்க்குக் குடத்தோடு நடப்பவர், இரண்டும் ஒரே படத்தில் வரட்டும். அந்த இடைவெளிதான் நஞ்சைக் காட்டும். இதற்கு அகலமான காட்சியைப் பிடிக்கும் 28 அல்லது 35 மி.மீ. லென்ஸ் போதும், நெருக்கமான முகப்படத்தில் இது தொலைந்துபோகும்.

படக்குறிப்பில் அளவு, அலகு, சோதித்த தேதி மூன்றும் வேண்டும். பச்சை என்றாலே பாதுகாப்பு என்று எழுதிவிடாதீர்கள்: உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10 மைக்ரோகிராம்தான், 30 உள்ள குழாயும் அங்கே பச்சைதான். வண்ணப்பூச்சும் மங்கும். தண்ணீரைக் கலங்கலாகக் காட்ட நிறத்தை மஞ்சளாக்குவது வெறும் பொய்; கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கான அமைப்பில் நிலையாக வையுங்கள்.

பரிசோதனை முடிவே இல்லாத இடத்தில் இது செல்லாது, அங்கே படம் வதந்தியாகிவிடும். நஞ்சு இருப்பது தெரியாமல் பழையபடியே புழங்கும் ஊரிலும் காட்ட மாறிய பழக்கம் இருக்காது. அங்கே படமெடுப்பதற்கு முன் முடிவை அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.