நம் ஊரின் பலம் எது? டர்பனை வைத்து ஒரு கணக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பலமான தொழில் எது என்று கேட்டால், ஆட்கள் நிறைய வேலை செய்யும் கடைகளைத்தான் பலர் காட்டுவார்கள். ஆனால் கடை இல்லாத ஊர் ஏது? நாட்டோடு ஒப்பிட்டால் இங்கே எது தூக்கலாக இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் தென்னாப்பிரிக்கப் புள்ளிவிவரத் துறை காலாண்டுதோறும் வெளியிடும் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். மாகாணம், பெருநகரம் வரை அதை நம்பலாம், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் என்று பேட்டை அளவுக்கு இறங்காதீர்கள்.

அடுத்தது ஒரே ஒரு வகுத்தல். உதாரணத்துக்கு, நம் ஊரில் 1000 பேரில் 60 பேர் வாகனத் தொழிலில், நாடு முழுக்க 1000 பேருக்கு 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். 60ஐ 20ஆல் வகுத்தால் 3. ஒன்றுக்கு மேல் வந்தால் அந்தத் தொழில் இங்கே குவிந்திருக்கிறது. இதையே பத்து வருடம் முந்தைய எண்களுக்கும் போடுங்கள், ஏறுகிறதா தேய்கிறதா என்று தெரிந்துவிடும்.

சரி, 3 வந்ததும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அந்தத் தொழில் எத்தனை நிறுவனங்களை நம்பியிருக்கிறது என்று பாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் ப்ராஸ்பெக்டன் பகுதியில் உள்ள டொயோட்டா கார் ஆலை மூழ்கி மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது, அதற்கு உதிரிபாகம் கொடுப்பவர்களுக்கும் அது பெரிய அடி.

புதுமைத் திறனை அளப்பதுதான் கடினம். காப்புரிமை எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், ஏனென்றால் இந்த நாட்டில் கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதியதா என்று ஆழமாகச் சோதிக்காமலே நெடுங்காலம் காப்புரிமை கொடுத்து வந்தார்கள். அதைவிட, தொழிலுக்குப் பக்கத்திலேயே அறிவு உட்கார்ந்திருக்கிறதா என்று தேடுங்கள். டர்பனை ஒட்டிய மவுண்ட் எட்ஜ்கோம்பில் 1925 முதல் கரும்பு ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே தேர்ந்தெடுத்த என்சிஓ 310 என்ற கரும்பு உலகமெல்லாம் பரவியது. பெயரில் ‘என்’ நேட்டால், அதாவது நம் மாகாணத்தின் பழைய பெயர், ‘சிஓ’ கோயம்புத்தூர், அதன் விதை கோயம்புத்தூரில் ஒட்டுச்சேர்த்தது! 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கரும்பு வெட்டிய வயலுக்கு, பிறகு விதையும் தமிழ்நாட்டிலிருந்தே வந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் நெஞ்சு நிறைகிறது.

அப்புறம், அந்த அறிவு பக்கத்துத் தொழிலுக்குத் தாவுமா என்று கேளுங்கள். செசெலா சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்து ஃபர்ஃபுரால் என்ற ரசாயனம் எடுக்கிறார்கள். கொள்கைக்காரர்கள் பணம் போட வேண்டியது இந்த மாதிரித் தாவல்களுக்குத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

கணக்கு முடிந்ததும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டப்படி நகராட்சி தன் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தைப் போடும்போது மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். உங்கள் வார்டு கூட்டத்துக்கு அந்தப் பக்கத்தோடு போங்கள், ஒரு பிரதியை எழுத்து மூலமாகவும் கொடுங்கள்.