காது சரியாகக் கேட்காதவர்கள் விமானப் பயணம் போவது எப்படி: சாங்கி முதல் சென்னை வரை

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து ஊருக்கு விமானம் ஏறப்போகும், காது கேட்கும் கருவி போட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் இரண்டு காதிலும் கருவிதான். அதை எப்படிப் போடுவது, எப்படித் துடைப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒலிபெருக்கியில் என்ன சொல்கிறார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் பயணத்தில் நம்மை அதிகம் களைக்க வைக்கிறது. அந்த முயற்சியை விட்டுவிடுங்கள். தகவல் எல்லாம் கண்ணுக்கு வரும்படி முதலிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

1. டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள்

விமான நிறுவனத்தின் சிறப்பு உதவிப் பகுதியில், காது கேளாத பயணி என்று உங்கள் பதிவில் குறிக்கச் சொல்லுங்கள். இதற்கென்றே தனிக் குறியீடு இருக்கிறது. அவசரகாலக் கதவை ஒட்டிய இருக்கையைக் கேட்காதீர்கள். ஊழியர்கள் வாயால் சொல்வதைக் கேட்டு நடக்கக்கூடியவர்களைத்தான் அங்கே உட்கார வைப்பார்கள். இறக்கைக்கு முன்னால் இருக்கும் வரிசைகளில் இன்ஜின் சத்தம் குறைவு. வலது காது கொஞ்சம் நன்றாகக் கேட்குமென்றால் கூட வருபவரை வலப்பக்கம் உட்கார வையுங்கள்.

2. கைப்பை

பேட்டரி மாற்றும் கருவி என்றால் உங்கள் அளவைப் பார்த்து வாங்கி வையுங்கள் (அளவும் ஒட்டுத்தாளின் நிறமும்: 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 10 மஞ்சள், 675 நீலம்). ஒட்டுத்தாளை உரித்துச் சில நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போடுங்கள். ஒருமுறை உரித்த பேட்டரியில் மறுபடி தாளை ஒட்டி வைத்துப் பெரிய பயனில்லை. சார்ஜ் ஏற்றும் கருவி என்றால் அதன் டப்பாவும் பவர் பேங்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். இரண்டு நாட்டிலும் மின்சாரம் 230 வோல்ட்தான், ஆனால் நம் பிளக்கின் சதுரக் கால்கள் அங்குள்ள உருண்டைத் துளைக்குள் போகாது, அதனால் ஓர் அடாப்டர் வேண்டும். வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் கருவிக்குள் ஈரம் இறங்கும், ஆகவே சிலிக்கா ஜெல் போட்ட சிறு டப்பாவும் வேண்டும். என்னைக் கேட்டால் ஊர்ப் பயணத்துக்குப் பேட்டரி மாற்றும் கருவிதான் மேல், மின்வெட்டு பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

3. பாதுகாப்புச் சோதனை

கருவியைக் கழற்ற வேண்டியதில்லை. போட்டுக்கொண்டே சோதனை வாசலைத் தாண்டலாம். ஊழியர் ஏதாவது கேட்டால் காதைத் தொட்டுக் காட்டினால் போதும். கழற்றித் தட்டில் வைத்தால் தொலைந்துபோகும், அடுத்து அவர்கள் சொல்வதும் கேட்காது.

4. விமானம் ஏறும் வாயில்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பதிவு செய்யும்போதே எல்லாம் சொல்லியிருந்தேன், ஆனால் அந்தக் குறிப்பு வாயிலில் நின்ற ஊழியர்கள் வரை போய்ச் சேரவில்லை. வாயிலை மாற்றியதை ஒலிபெருக்கியில் மட்டும் சொன்னார்கள். கூட்டம் எழுந்து போவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, பலகையைத் தேடிப் பார்த்து ஓடி, கதவு மூடும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். அதனால் அழுத்திச் சொல்கிறேன்: ஒருமுறை சொன்னால் போதாது. பதிவின்போது, செக்-இன் மேசையில், வாயிலில் என்று மூன்று இடத்திலும் சொல்லுங்கள்.

அதிலும் வாயால் சொல்லாதீர்கள். நாம் தெளிவாகப் பேசுவதைப் பார்த்ததும், இவருக்கு நன்றாகத்தான் கேட்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். ஓர் அட்டையில் பெரிய எழுத்தில், ஆங்கிலத்திலும் தமிழிலும், இப்படி எழுதிக் காட்டுங்கள்:

"எனக்குக் காது சரியாகக் கேட்காது. ஏறும் நேரம் வந்ததும் கையசைத்துக் கூப்பிடுங்கள். வாயில் மாறினால் எழுதிக் காட்டுங்கள்."

அட்டையைக் காட்டிய பிறகு அந்த ஊழியரின் பார்வை படும் இடத்திலேயே உட்காருங்கள். சாங்கியின் 4ஆம் முனையத்தில் சோதனை எல்லாருக்கும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். மற்ற முனையங்களில் வாயிலை ஒட்டித்தான் சோதனை, ஆகவே அங்கே சீக்கிரமே உள்ளே போய்விடுவது நல்லது. சாங்கி செயலியில் உங்கள் விமானத்தைச் சேமித்து, கைப்பேசியை அதிர்வில் வைத்துக்கொள்ளுங்கள், மாற்றம் வந்தால் திரையில் தெரியும்.

திரும்பி வரும்போது சென்னையில் எனக்கு மனசு லேசாகிவிடும். 2023 பிப்ரவரி 26 முதல் அது 'அமைதி விமான நிலையம்', ஏறும் அழைப்பை ஒலிபெருக்கியில் சொல்வதில்லை. எல்லாரும் பலகையைத்தான் பார்க்க வேண்டும், நம்மைப் போலவே. எல்லா விமான நிலையங்களும் இப்படி மாற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

5. விமானத்துக்குள்

கிளம்பும்போது கருவியின் ஒலியைக் குறையுங்கள், அணைக்க வேண்டாம். கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிய பிறகு புளூடூத்தை மட்டும் மறுபடி போட்டுக்கொண்டால் படத்தின் ஒலி நேராகக் காதுக்கு வரும். கூட வருபவர் சட்டையில் குத்திக்கொள்ளும், பேச்சை நேராக நம் கருவிக்கு அனுப்பும் சிறிய மைக்கை நான் எந்தச் செயலியையும்விட நம்புகிறேன், இன்ஜின் இரைச்சலிலும் அவர் குரல் தனியாக வந்து விழும். தரையில் இருக்கும்போது கூகலின் லைவ் டிரான்ஸ்கிரைப் நல்ல துணை, எதிரில் பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும், தமிழும் உண்டு. ஆனால் இணையம் இல்லாத இடத்தில் அதை நம்பி இருக்காதீர்கள். குடிநுழைவு மேசையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடிப்பதும் சரியாக இருக்காது. அங்கே சின்ன நோட்டும் பேனாவும் போதும்.

6. தங்குமிடம்

கைக்கடிகாரத்தின் அதிர்வு அலாரம் போதும். உறவினர் வீடென்றால், "கதவைத் தட்டாதீர்கள் அத்தை, விளக்கைப் போட்டு எழுப்புங்கள்" என்று முதல் இரவே சொல்லிவிடுங்கள்.

பிறகு சேர்த்தது: கோக்லியர் இம்பிளான்ட் (அறுவை சிகிச்சையில் காதுக்குள் பொருத்தும் கேட்கும் கருவி) வைத்திருப்பவர்கள் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மருத்துவமனையில் கொடுத்த அடையாள அட்டையைக் கடவுச்சீட்டோடு வையுங்கள், உலோகச் சோதனைக் கருவி ஒலி எழுப்பினால் அதைக் காட்டலாம். டெலிகாயில் (காந்த அலை வழியாக ஒலியை வாங்கும் சிறு கம்பிச்சுருள்) வசதியைப் போட்டிருந்தால் வாசலைத் தாண்டும் முன் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் காதில் ஓர் இரைச்சல் கேட்கலாம். சாதாரணக் கருவியில் டெலிகாயில் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்.