பழைய மெத்தை, சோபா, ஃபிரிட்ஜ்: அப்புறப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோபா, மெத்தை, பீரோ, ஃபிரிட்ஜ் போன்றவை அன்றாடக் குப்பைத் தொட்டியில் அடங்காதவை என்பதால், அவற்றைப் பெற்றுக்கொள்ள உள்ளாட்சி அமைப்புகள் தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன. சில இடங்களில் முன்பதிவு செய்தால் வண்டி வாசலுக்கே வரும். வேறு சில இடங்களில் நாமே சேகரிப்பு மையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எந்த முறையானாலும், ஒரு பொருள் மறுசுழற்சிக்குப் போகிறதா, குப்பைமேட்டுக்குப் போகிறதா என்பது பெரும்பாலும் அது வண்டியில் ஏறுவதற்கு முன்பே, நம் கையில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. கீழே சொல்லப்படும் தவறுகள் அனைத்தும் அந்தக் கட்டத்தில் நடப்பவை. சற்றுக் கவனித்தால் தவிர்க்கக்கூடியவை.

முதல் தவறு பதிவு செய்யும்போதே நேர்கிறது. 'பழைய சாமான்கள் கொஞ்சம் இருக்கின்றன' என்று பொதுவாகச் சொன்னால், வருகிறவர்களுக்கு எந்த வண்டியை, எத்தனை ஆட்களை அனுப்புவது என்று தெரியாது. மரச்சாமான்களை ஏற்றும் வண்டியும் ஃபிரிட்ஜை ஏற்றும் வண்டியும் பல ஊர்களில் வேறு வேறு. கட்டிலும் மெத்தையும் ஒன்றாகவே கிடந்தாலும், பட்டியலில் அவை பெரும்பாலும் இரண்டு பொருள்களாகவே கணக்கிடப்படும். சோபாவுடன் வரும் தனி நாற்காலிகளுக்கும் இதுவே பொருந்தும். பதிவில் இல்லாத பொருளைக் கடைசி நேரத்தில் சேர்த்து வைத்தால், பணியாளர்கள் அதை விட்டுவிட்டுப் போக நேரிடும். வீட்டைப் புதுப்பிக்கும்போது சேரும் செங்கல், ஓடு, கழிப்பறைப் பீங்கான் முதலியவை கட்டடக் கழிவாகக் கருதப்படுவதால், பெரும்பாலும் இந்தச் சேவையில் அடங்குவதில்லை.

அடுத்தது, குறித்த நாளுக்கு முன்பே பொருளை வெளியே போட்டுவிடுவது. இதில் அதிகம் பாழாவது மெத்தைதான். நல்ல நிலையில் உள்ள மெத்தையைப் பிரித்தால் ஸ்பிரிங்கில் உள்ள எஃகு, நுரை, பஞ்சு, துணி எனத் தனித்தனியே மீட்கலாம். ஒரே ஒரு மழையில் நனைந்துவிட்டால் நுரையும் பஞ்சும் நீரை உறிஞ்சி, இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்கச் சிரமப்படும் அளவுக்குக் கனத்துவிடும். உட்புறம் காய்வதற்குள் பூஞ்சையும் பிடித்துவிடும். அத்தகைய மெத்தையை மறுசுழற்சி மையங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே குறிப்பிட்ட நேரத்துக்குச் சற்று முன்னதாக மட்டும் வெளியே வைப்பதும், மழைக்காலமாக இருந்தால் பிளாஸ்டிக் உறையால் மூடுவதும் நல்லது. மூட்டைப்பூச்சி இருந்த மெத்தை என்றால் அதை மறைக்காமல் சொல்லி, உறையிட்டு மூடிக் கொடுக்க வேண்டும். மற்ற வீட்டு மெத்தைகளோடு அது ஒரே வண்டியில் போகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் நடக்கும் தவறுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உலோகத்துக்கு விலை கிடைக்கும் என்று, பின்புறத்திலுள்ள கம்ப்ரசரையும் செம்புக் குழாயையும் அறுத்து எடுத்துவிட்டு, மிச்சக் கூட்டை மட்டும் உள்ளாட்சி வண்டிக்குக் கொடுப்பவர்கள் உண்டு. குழாயை அறுத்த அந்தக் கணத்தில் உஸ்ஸென்ற சத்தத்தோடு குளிர்விக்கும் வாயு முழுவதும் காற்றில் கலந்துவிடுகிறது. பழைய ஃபிரிட்ஜ்களில் இருப்பது குளோரோபுளோரோகார்பன் வகை வாயு. ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் உலக நாடுகள் படிப்படியாகக் கைவிட்டது இதைத்தான். அவற்றில் ஆர்-12 என்ற வாயு, புவியைச் சூடாக்குவதில் அதே எடையுள்ள கரியமில வாயுவைவிடச் சுமார் 10,000 மடங்கு வீரியம் மிக்கது. அந்தக் காலத்து ஃபிரிட்ஜ்களில் குழாய்க்குள் இருந்ததைவிட, சுவருக்குள் அடைக்கப்பட்ட காப்பு நுரையில்தான் இந்த வகை வாயு அதிகம் தங்கியிருந்தது. அதனால்தான் முறையான ஆலைகளில் முதலில் குழாயிலிருந்து வாயுவையும் எண்ணெயையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, பிறகு கூட்டை மூடிய அறைக்குள் நொறுக்கி, நுரையிலிருந்து கசியும் வாயுவையும் பிடித்துவிடுகிறார்கள். புதிய ஃபிரிட்ஜ்களில் பரவலாக உள்ள ஐசோபியூட்டேன் ஓசோனுக்குக் கேடு செய்யாது என்றாலும் எளிதில் தீப்பற்றக்கூடியது. அதை வீட்டில் அறுப்பது நேரடி ஆபத்து. பழையதோ புதியதோ, ஃபிரிட்ஜை முழுதாக ஒப்படைப்பது ஒன்றே சரியான வழி.

கதவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியே கிடக்கும் ஃபிரிட்ஜுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்த சம்பவங்களால்தான், உள்ளிருந்தும் கதவைத் திறக்க முடிய வேண்டும் என்று அமெரிக்காவில் 1956இல் சட்டமே கொண்டுவரப்பட்டது. காந்தப் பட்டை வைத்த இன்றைய கதவுகளையும் முழுதாக நம்புவதற்கில்லை. கதவைக் கயிற்றால் இறுகக் கட்டி, சுவரைப் பார்த்தபடி திருப்பி வைக்க வேண்டும். கழற்றிவிட்டால் அதையும் சேர்த்தே கொடுக்க வேண்டும், ஏனெனில் அதற்குள்ளும் அதே நுரைதான் இருக்கிறது.

பேட்டரியை உள்ளேயே விட்டுவிடுவது அண்மைக் காலத்தில் பெருகியுள்ள தவறு. கம்பியில்லாத் துடைப்பான், குழந்தைகள் ஓட்டும் மின் வண்டி, சில சாய்வு சோபாக்கள் எனப் பலவற்றில் லித்தியம் அயனி பேட்டரி இருக்கிறது. குப்பை வண்டியின் அழுத்தும் தகடு அதை நசுக்கினால் உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டு, வெப்பம் தானாகவே ஏறிக்கொண்டு போய், சில நொடிகளில் தீப்பற்றிவிடும். அணைத்த பிறகும் மீண்டும் எரியக்கூடிய தீ அது. அருகில் நிற்பவர்கள் தூய்மைப் பணியாளர்கள். கழற்ற முடிந்த பேட்டரியைக் கழற்றி, முனைகளின் மேல் டேப் ஒட்டி, அதற்கான தனி இடத்தில் சேர்க்க வேண்டும். கழற்ற முடியாதென்றால் பதிவின்போதே சொல்லி, மின்னணுக் கழிவாகக் கொடுக்க வேண்டும். எரிவாயு உருளைகளையும் பெயின்ட் டப்பாக்களையும் பீரோவுக்குள் வைத்து அனுப்புவதும் இதே அளவுக்கு ஆபத்தானது.

பிரித்துக் கொடுப்பது எப்போதும் நல்லது என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டியதே. கட்டில், மேசை, அலமாரி ஆகியவற்றைத் திருகாணி கழற்றிப் பிரித்தால் தூக்குவது எளிதாகும். நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளைப் பிடுங்கியோ மடக்கியோ விட்டால் போதும். மின்சாதனங்களுக்கு இது பொருந்தாது. பழைய பெட்டித் தொலைக்காட்சியின் படக்குழாயில் காற்று நீக்கப்பட்ட வெற்றிடமும் ஈயம் கலந்த கண்ணாடியும் இருப்பதால், உடைந்தால் சில்லுகள் சிதறும்.

சோபாவை வெட்டி எரித்துவிடலாம் என்று நினைப்பது இவை எல்லாவற்றையும்விட மோசமானது. பாலியூரித்தேன் நுரை எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளிவருகின்றன. தீப்பற்றுவதைத் தாமதப்படுத்தப் பழைய நுரையிலும் துணியிலும் சேர்க்கப்பட்ட சில புரோமின் சேர்மங்கள், அழியாமல் சூழலில் தங்கிவிடுவதால் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் 2009 முதல் தடைப் பட்டியலில் உள்ளன. அவற்றை அழிக்க மிக உயர்ந்த வெப்பநிலையில் இயங்கும் எரி உலை வேண்டும். கொல்லையில் மூட்டும் தீயால் அது முடியாது.

குறைந்த காசுக்கு ஏற்றிச் செல்கிறேன் என்று வாசலில் வந்து கேட்பவரிடம் உடனே ஒப்படைப்பதும் தவறு. உரிமம் உண்டா, எங்கே கொண்டு சேர்ப்பார் என்று கேட்டு, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். ஏரிக்கரையிலோ சாலையோரத்திலோ அந்தப் பொருள் கண்டெடுக்கப்பட்டால், பல நாடுகளின் சட்டப்படி வீட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டிவரும். மேசை இழுப்பறையில் மறந்துபோன கடிதமோ கட்டண ரசீதோ உரியவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இழுப்பறைகளைக் காலி செய்வதும், கணினியிலுள்ள தகவல்களை அழிப்பதும் எப்படியும் நாமே செய்ய வேண்டியவை.

இன்னொருவருக்குப் பயன்படக்கூடிய பொருள் என்றால், அதைக் கேட்டுப் பார்க்க வேண்டியது வெளியே வைப்பதற்கு முன்பு. தெருவில் இரண்டு நாள் கிடந்த சோபாவை யாரும் வீட்டுக்குள் ஏற்றமாட்டார்கள். வண்டி வந்தும் எடுக்கப்படாத பொருளை அங்கேயே விட்டுவைக்காமல், அன்றே உள்ளே எடுத்து வைத்து, எடுக்காததற்கான காரணத்தைப் பதிவு எண்ணைச் சொல்லிக் கேட்டு, அதைச் சரிசெய்த பிறகு மறுபடியும் பதிவு செய்ய வேண்டும்.