கடல் சீறும் நாளில் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்ப்பது எப்படி

முதலில் ஒலியை முழுவதுமாக நிறுத்திவிடுங்கள். பிறகு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒலி இல்லாதபோது திரையில் மிஞ்சுவது மிகக் குறைவு என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நெஞ்சைப் படபடக்க வைத்தது செய்தி அல்ல, பின்னால் அடித்த மேளம்.

இதை நான் கற்றுக்கொண்டது 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு. குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர் எனக்கு. பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். தம்பி தேங்காய்ப்பட்டணத்திலிருந்து தங்குகடல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போயிருந்தான். எச்சரிக்கை வருவதற்குப் பல நாள் முன்பே கரையை விட்டுப் போன படகு அது. ஊர் முழுவதும் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. மின்சாரம் இல்லை. கோவில் மண்டபத்தில் ஜெனரேட்டர் வைத்து ஒரே ஒரு தொலைக்காட்சியை ஓடவிட்டார்கள். நாங்கள் நூறு பேருக்கு மேல் அதன் முன் இரவும் பகலும் இருந்தோம்.

முதல் நாள் மாலை, ராட்சச அலை ஒன்று சாலையைத் தாண்டி விழும் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எண்பது வயதுப் பாட்டி ஒருவர் எழுந்து திரைக்கு அருகில் போய்ப் பார்த்தார். "இது நம் கடல் இல்லை, பிள்ளைகளே. நம் கரையில் இப்படிச் சுவர் எங்கே இருக்கிறது? தூண்டில் வளைவு எங்கே?" என்று கேட்டார். அலையைத் தடுக்க எங்கள் கரையிலிருந்து கடலுக்குள் வளைத்துப் போட்ட கல் தடுப்புதான் தூண்டில் வளைவு. அதன்பிறகுதான் எல்லோரும் கவனித்தோம். கடலோரச் சாலையும் அடுக்கு மாடிக் கட்டடங்களும் கொண்ட ஏதோ ஒரு நகரம் அது.

ஆகவே படத்தை ஊரார் கண்ணால் பாருங்கள். கடைப் பலகையில் என்ன மொழி? படகின் முனை நம் ஊர் வள்ளத்தின் முனையா? பதிவு எண் தெரிந்தால் அதில் டிஎன் என்று இருக்கிறதா, கேஎல் என்றா? 'நேரலை' என்று போட்டிருக்கும்போது வெளியே மழை கொட்ட, படத்தில் வெயில் அடிக்கிறதா? ஐயம் வந்தால் நோட்டில் எழுதுங்கள்: நாள், மணி, சேனல், படம் என்ன. திரையைக் கைபேசியில் படம் எடுத்தும் வையுங்கள். அது பிறகு உதவும்.

நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: மணி, சேனல், சொன்ன வாக்கியம், சொன்னவர் யார். நான்காவது பத்திதான் உயிர். 'தகவல்கள் தெரிவிக்கின்றன', 'கூறப்படுகிறது' என்று வந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். மாலையில் பக்கத்தைப் புரட்டினால் எத்தனை கட்டம் காலி என்று கண்ணுக்குத் தெரியும். வினாக்குறியோடு முடியும் தலைப்பை எழுதவே வேண்டாம். 'மீண்டும் சுனாமியா?' என்று கேட்பவருக்குப் பதில் தெரியாது என்றுதான் பொருள். ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் மணக்குடியிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளில் அந்த ஒற்றைச் சொல் என்ன செய்யும் என்பதை எழுதியவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். காற்றே இல்லாத நாளில் கடல் ஏறி வந்தால் பெரும்பாலும் அது கள்ளக்கடல். தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயல் கிளப்பிய நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. அதுவும் ஆளை இழுத்துப் போகும். கரைக்குப் போகக் கூடாது. ஆனால் அது சுனாமி அல்ல. இரண்டுக்கும் எச்சரிக்கை தருவது ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம். அதன் அறிவிப்பில் எந்தக் கரை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அலை எத்தனை மீட்டர் என்று தெளிவாக இருக்கும். சேனல் இந்த மூன்றையும் சொல்லவில்லை என்றால் 1077 என்ற மாவட்டப் பேரிடர் எண்ணில் கேளுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554.

மழைக்கும் இதே கணக்கு. 'குமரிக்கு ரெட் அலர்ட்' என்று சிவப்புப் பட்டை ஓடும்போது, வானிலை மையத்தின் அறிக்கையில் 'ஓரிரு இடங்களில்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். திரைக்கு வரும்போது பெரும்பாலும் உதிர்ந்துபோவது அந்தச் சொல்தான். மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிரு, சிவப்பு என்றால் செயல்படு. அதி கனமழை என்பது 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல். புயல் என்ற பெயரும் காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்ட பிறகே. அதற்கு முன் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான். அணைச் செய்தியில் நீர்மட்டத்தை மட்டும் சொல்வார்கள். பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். உபரி நீர் திறப்பது அணையைக் காக்கும் வேலை. ஆற்றோரத்தில் இருப்பவர்கள் விலக வேண்டும், அவ்வளவுதான்.

உயிர் எண்ணிக்கையில்தான் மிகுந்த கவனம் வேண்டும். இறந்தவர், காணாமல் போனவர், கரை திரும்பாதவர் மூவரும் வேறு. ஒக்கியின்போது அரசு ஒரு கணக்கும் தேவாலயப் பங்குகள் ஒரு கணக்கும் சொல்லின. ஆழ்கடலில் எத்தனை படகு என்ற பதிவே சரியாக இல்லாததால் அந்த வேறுபாடு வந்தது. சேனல்களோ எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கூட்டி ஓடவிட்டன. எங்கள் தெருவில் ஒரு பெண் திரையின் அடியில் தன் கணவர் பெயரைப் பார்த்து மயங்கி விழுந்தார். தகப்பன் பெயரும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. கடற்கரையில் ஒரே புனிதரின் பெயர் பத்துப் பேருக்கு இருக்கும். அவருடைய கணவர் எட்டாம் நாள் மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்திலிருந்து பேசினார். என் தம்பியும் அங்கேதான் இருந்தான். ஆகவே தகப்பன் பெயர், ஊர், படகின் பெயர் மூன்றும் சேர்ந்து வராத எந்தப் பெயரையும் வீட்டில் உரக்கப் படிக்காதீர்கள். படகு உரிமையாளரிடமும் பங்குப் பேரவையிடமும் கேட்ட பிறகே யாரிடமும் சொல்லுங்கள்.

கேமரா வீட்டு வாசலுக்கே வந்தால்? மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. குடும்பத்தில் நிதானமாகப் பேசக்கூடிய ஒருவரை முன்னே நிறுத்துங்கள். பிள்ளையைத் தேடும் தாயின் முகத்துக்கு நேரே ஒலிவாங்கியை நீட்டி 'எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்பவரிடம் அவருடைய பெயரையும் சேனலையும் கேட்டு நோட்டில் எழுதுங்கள். அதைக் கேட்டவுடன் பலர் இரண்டடி பின்னால் போவதை நான் பார்த்திருக்கிறேன். நல்ல நிருபர்களும் வந்தார்கள். கேமராவை இறக்கிவைத்துவிட்டு, எங்களோடு உட்கார்ந்து படகுகளின் பட்டியலை எழுதிக்கொண்டு போனார்கள். அப்படிப்பட்டவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

கடைசி வேலை, புகார். நிறையப் பேர் பத்திரிகைக் கவுன்சிலுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அது அச்சு இதழ்களுக்கானது. தொலைக்காட்சிக்கு முதல் கடிதம் அந்தச் சேனலுக்கே போக வேண்டும். 2021இல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி, அவர்கள் 24 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். நிறைவில்லை என்றால் அடுத்த 15 நாளில் அந்தச் சேனல் சார்ந்த சுயஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். கோபத்தைக் கடிதத்தில் கொட்டாதீர்கள். நோட்டிலிருந்து நாள், மணி, நிகழ்ச்சி, வாக்கியம், உண்மை என்ன என்று ஐந்து வரி போதும்.

போன ஆண்டு கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் பழைய அலைக் காட்சியை நேரலை என்று போட்ட ஒரு சேனலுக்கு நான் அப்படித்தான் எழுதினேன். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. இப்போது அந்தச் சேனலில் பழைய படம் வரும்போது மூலையில் 'கோப்புக் காட்சி' என்று பொடி எழுத்தில் போடுகிறார்கள். மண்டபத்தின் பின்வரிசையில் இருந்தால் அதைப் படிக்க முடியாது. எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி இரண்டாவது கடிதத்தை நேற்றுத் தபாலில் சேர்த்திருக்கிறேன்.