லைசென்ஸ் அறிக்கையை வடிகட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மென்பொருள் சந்தாவைப் புதுப்பிக்கும் மாதம் வந்துவிட்டால் எல்லா அலுவலகங்களிலும் ஒரே கேள்விதான்: இத்தனை லைசென்ஸ் நமக்கு வேண்டுமா? பொறுப்பில் இருப்பவர் பயன்பாட்டு அறிக்கையைத் திறந்து, வேண்டிய வரிகளை மட்டும் காட்டும் வடிகட்டி (ஃபில்டர்) போட்டு, கிடைத்த எண்ணை மேலே அனுப்புகிறார். வடிகட்டியில் பிழை இருந்தால் அது வேறு யாருடைய தலையிலோ விடிகிறது.

ஒருமுறை 'கடந்த 30 நாள்' என்று வடிகட்டி, மென்பொருளைத் திறக்காதவர்களின் பட்டியலை நானே தயாரித்தேன். அதில் கட்டமைப்புப் பகுப்பாய்வு செய்யும் ஒரு பொறியாளரும் இருந்தார். காலாண்டு முடிவில்தான் அவருக்கு அந்த மென்பொருள் வேண்டும். திறந்தால் பத்து நாள் மூடமாட்டார். லைசென்ஸைப் பறித்துவிட்டோம். வேலை வந்தபோது இரண்டு நாள் அவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். மைக்ரோசாஃப்ட் 365 அறிக்கையில் 7, 30, 90, 180 நாள் என்று நான்கு கால அளவுகள் உண்டு. ஒருவரிடமிருந்து எதையாவது எடுக்கப் போகிறோம் என்றால் 180 நாளைப் பாருங்கள். போன வாரம் சேர்ந்தவரும் மகப்பேறு விடுப்பில் இருப்பவரும் 'பயன்படுத்தாதவர்' பட்டியலில் வருவார்கள். அவர்களை முதலிலேயே தனியாகப் பிரித்துவிடுங்கள்.

பொறியியல் மென்பொருள்கள் பலவற்றில் லைசென்ஸ் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்; வேலைக்கு எடுத்து, முடிந்ததும் திருப்ப வேண்டும். அப்படி வழங்குவது பெரும்பாலும் ஃப்ளெக்ஸ்நெட் என்ற சர்வர். நடப்பதையெல்லாம் பதிவு செய்யும் அதன் லாக் கோப்பில், லைசென்ஸ் எடுத்தால் 'அவுட்', திருப்பினால் 'இன்', கிடைக்காவிட்டால் 'டினைட்' என்று ஒவ்வொரு வரி விழும். இங்கேதான் நுட்பமான தவறுகள் நடக்கின்றன. ஒருவர் 2025 ஜனவரி 31 வெள்ளி மாலை 6:10க்கு லைசென்ஸ் எடுத்தார், பிப்ரவரி 3 திங்கள் காலை 9:05க்குத் திருப்பினார் என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி அறிக்கைக்காக 'எடுத்த தேதி பிப்ரவரியில்' என்று வடிகட்டினால் இந்த வரி முழுவதும் போய்விடும். பிப்ரவரியில் அவர் வைத்திருந்த 57 மணி நேரம் கணக்கிலேயே வராது. சரியான நிபந்தனை இரண்டு பகுதி கொண்டது: எடுத்த நேரம் மாத முடிவுக்கு முன், திருப்பிய நேரம் மாதத் தொடக்கத்துக்குப் பின். திருப்பிய நேரம் காலியாக இருக்கும் வரிகளையும் நீக்கக் கூடாது. இந்த நொடியில் லைசென்ஸைக் கையில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

அதே கோப்பில் இன்னொரு குழி. ஒவ்வொரு வரியிலும் மணி, நிமிடம், நொடி மட்டுமே இருக்கும். தேதி இடையிடையே வரும் தனி வரிகளில்தான் இருக்கிறது. 'அவுட்', 'இன்' வரிகளை மட்டும் முதலில் பிரித்தெடுத்தால் தேதி வரிகள் குப்பைக்குப் போய்விடும். அந்தத் தேதியும் அமெரிக்க முறையில், மாதம் முன்னால் வரும்: 3/4 என்றால் மார்ச் 4. இந்திய அமைப்பில் உள்ள எக்செல் அதை ஏப்ரல் 3 ஆக்கிவிடும். 3/14/2025ஐத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். தேதி வடிகட்டியில் அது சிக்காது, எந்த எச்சரிக்கையும் வராது.

'டினைட்' வரிகளைத் தேவையில்லை என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு. இருபது லைசென்ஸ் உள்ள இடத்தில் உச்சப் பயன்பாடு இருபதுக்கு மேல் போக வழியே இல்லை. கிடைக்காமல் திரும்பியவர்களின் தடம் அந்த வரிகளில் மட்டுமே இருக்கிறது. அப்படியே எண்ணினாலும் தப்பு. பொறுமையிழந்த ஒருவர் ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டு முறை முயன்றால் பன்னிரண்டு வரிகள் விழும். ஒரே ஆள், ஒரே மென்பொருள், சில நிமிட இடைவெளி என்றால் ஒன்றாகச் சேர்த்து எண்ணுங்கள்.

சராசரிப் பயன்பாட்டை நான் நம்புவதே இல்லை. வாரத்தில் 168 மணி நேரம். அலுவலகம் நடப்பது ஐம்பது மணி நேரம். அந்த ஐம்பதிலும் எல்லா லைசென்ஸும் பயன்பட்டாலும் சராசரி 30 சதவீதம் என்றுதான் வரும். அதைக் காட்டிப் பாதியை வெட்டச் சொன்னால் காலை பத்து மணிக்கே வேலை நின்றுவிடும். வேலை நேரத்துக்கு வடிகட்டும்போது அறிக்கை யுடிசி நேரத்தில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தில், இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நேரத்தில் 9 முதல் 18 என்றால் நமக்குப் பிற்பகல் 2:30 முதல் இரவு 11:30. காலை வேளை முழுவதும் காணாமல் போகும்.

எக்செல் பற்றிச் சுருக்கமாக: 'சம்' சூத்திரம் வடிகட்டி மறைத்த வரிகளையும் கூட்டும், 'சப்டோட்டல்' கூட்டாது. ஒரே பயனர் பெயர் பெரிய எழுத்தில் ஒருமுறையும் சிறிய எழுத்தில் ஒருமுறையும் வந்தால் எக்செல் வடிகட்டி ஒன்றாகப் பார்க்கும், பைத்தான் நிரல் இரண்டு ஆளாக எண்ணும். மைக்ரோசாஃப்ட் 365 அறிக்கைகளில் 2021 செப்டம்பர் முதல் பெயர்கள் இயல்பாகவே மறைக்கப்படுகின்றன. நிர்வாகி அமைப்பை மாற்றாமல் பணியாளர் பட்டியலோடு ஒப்பிட்டால் ஒருவர் பெயரும் பொருந்தாது.

இப்போது அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எந்தக் கால அளவு, எந்த நிபந்தனை, வடிகட்டும் முன் எத்தனை வரி, பின் எத்தனை வரி என்று எழுதிவிடுகிறேன். நீக்க வேண்டியவர்களின் பட்டியலை நேராக மேலே அனுப்புவதில்லை. அந்தந்தக் குழுத் தலைவரிடம் இரண்டு வாரம் இருக்கும். 'இவரை எடுக்காதீர்கள், மார்ச்சில் வேண்டும்' என்ற பதில் ஒவ்வொரு முறையும் யாரிடமிருந்தாவது வருகிறது.