டியூப் எடுத்த பிறகு: புரோஸ்டேட் ஆபரேஷனுக்குப் பின் சிறுநீர்க் கசிவும் சில தவறுகளும்

புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, சிறுநீர் டியூபை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார், அவ்வளவுதான். வேட்டி நனைந்துவிட்டது. அன்று மாலையிலிருந்து தண்ணீர்ச் சொம்பைத் தொடவே இல்லை.

முதல் தவறு அதுதான். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும், அவசரம் கூடும். மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டால் முக்கும்போது இன்னும் கசியும். குறைக்க வேண்டியது காபி, டீயைத்தான். படுக்கப் போகும் முன் இரண்டு மணி நேரம் வேண்டுமானால் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம்.

புரோஸ்டேட் சுரப்பியை எடுக்கும்போது சிறுநீர்ப்பையின் வாயை மூடிவைத்த உள்தசையும் பாதிக்கப்படுகிறது. மிச்சமுள்ள வெளித்தசைதான் இரண்டு ஆள் வேலையைப் பார்க்க வேண்டும். அதைப் பழக்கத்தான் கீகல் பயிற்சி. இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். மூச்சைப் பிடித்து, பிட்டத்தை இறுக்கி, வயிற்றை முறுக்கினால் அழுத்தமெல்லாம் பைமேல்தான் விழும். ஆற்றில் சில்லென்ற தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கும்போது விதைப்பை மேலே ஏறுமே, அந்த இழுப்புதான் வேண்டும். கண்ணாடி முன் நின்று பார்த்தால் ஆணுறுப்பின் அடி உள்ளே போவது தெரியும். வயிறு அசையக் கூடாது. 5 வினாடி பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். 10 தடவை, தினம் 3 வேளை. டியூப் இருக்கும்போது வேண்டாம். சிறுநீர் கழிக்கையில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதையும் வழக்கமாக்க வேண்டாம், பை முழுதாகக் காலியாகாது.

அப்பா வேளை தவறாமல் செய்தார், ஆனால் இருமும்போது இறுக்க மறந்துவிடுவார். இருமும் முன், எழும் முன், சுமையைத் தூக்கும் முன் இறுக்கிக்கொள்வதற்குத்தானே இத்தனை பாடும்! மாலையில் அதிகம் கசிந்தால் பயிற்சி வீண் என்று அலுத்துக்கொள்வார். பகலெல்லாம் உழைத்த தசை களைத்துப்போகிறது, வேறொன்றுமில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று அரை மணிக்கொரு தரம் பாத்ரூம் போவதும் கெடுதல்தான். பை கொஞ்சத்துக்கே அவசரப்படப் பழகிவிடும். கசிவை நிறுத்த ஆணுறுப்பில் மாட்டும் கிளிப்போடு தூங்கவே கூடாது.

பலருக்குச் சில மாதங்களில் குறைந்துவிடும். ஒரு வருடமாகியும் பேட் இல்லாமல் வெளியே போக முடியாவிட்டால், வெட்கப்பட்டு வீட்டிலேயே உட்கார வேண்டாம். ஆபரேஷன் செய்து ஸ்லிங் (சிறுநீர்க் குழாயைத் தாங்கும் பட்டை) வைக்கலாம், சிறுநீரை அடைத்துத் திறக்கும் செயற்கை வால்வு பொருத்தலாம். டாக்டர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். தினம் எத்தனை பேட் நனைகிறது என்று ஒரு வாரம் காலண்டரில் குறித்துக் கொண்டுபோனால் பேச்சு சுலபமாகத் தொடங்கும்.